ஆண்டுக் கணக்கும் மாதக் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

பம்பையும் அச்சன்கோவிலாறும் வீணாகத்தானே கடலில் கலக்கின்றன, கொஞ்சத்தை நம் கரிசலுக்குத் திருப்பினால் கேரளத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாய். புதியம்புத்தூரில் மழையை நம்பி உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற வீட்டில் எழுகிற நியாயமான கேள்வி. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையின் திட்டப்படி, ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் தண்ணீர் மலை தாண்டி வைப்பாற்றுப் படுகைக்கு வரவேண்டும். அன்றைய திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் 91,400 ஹெக்டேர் பாசனம் பெறவேண்டும். சாத்தியக்கூறு அறிக்கை 1995இல் வந்தது. இன்றுவரை ஒரு கூடை மண் வெட்டவில்லை. கேரளத்தின் பிடிவாதம்தான் காரணம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். என் எண்ணம் வேறு. நாம் ஆண்டுக் கணக்கைக் காட்டுகிறோம், அவர்கள் மாதக் கணக்கைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே தாளில் இன்னும் ஏறவில்லை.

ஆண்டுக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பது நமக்குத் தெரியாததா? தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷ மழை சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. 2023 டிசம்பர் 17, 18இல் கோவில்பட்டியில் மட்டும் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் கொட்டியது. காயல்பட்டினத்தில் 900ஐத் தாண்டியது. அந்த வருஷத்தைக் கூட்டிப் பார்த்தால் நாமும் 'உபரி'தான். ஆனால் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கு அந்த உபரியால் என்ன பயன்? கேரளத்தின் குட்டநாட்டு விவசாயியும் இதையே சொல்கிறான். ஆனி, ஆடியில் பம்பை கரைபுரண்டு ஓடுகிறது, உண்மை. மாசி, பங்குனியில் ஆறு மெலிந்ததும் வேம்பநாட்டுக் காயல் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அவன் வயலில் உப்பு ஏறாமல் தடுப்பதில், நாம் வீண் என்கிற அந்த ஆற்றுநீருக்கும் பெரும் பங்குண்டு.

அவர்கள் ஆறு இருக்கட்டும், நம் தாமிரபரணிக்கே வா. சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்குக் குடிநீர் குழாயில் வருகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுப்பதற்கான 20 எம்.ஜி.டி. திட்டத்தின் மீதான வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கார் சாகுபடிக்கும் வாழைக்கும் தண்ணீர் எட்டாத கடைமடைக்காரரிடம், மழைக்காலத்தில் கடலுக்குப் போன வெள்ளத்தைக் காட்டி வாயை அடைக்க முடியுமா? அவர் கோபம் நியாயமென்றால் குட்டநாட்டாரின் அச்சமும் நியாயம்தான்.

மழைக்கால வெள்ளத்தைத்தானே அணையில் தேக்கப்போகிறோம், கோடையில் உப்பைத் தள்ளக் கேரளத்துக்கும் ஒரு பங்கு திறக்க ஏற்பாடு உண்டே என்பாய். சரியான வாதம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் அந்த மதகுச் சாவி யார் கையில்? அளப்பவர் யார்? இதற்கு விடை சொல்லாத வரை எந்தக் கணக்கும் நம்பிக்கை தராது. விடை சொல்ல முடியும் என்பதற்குப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமே சாட்சி. நமக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தானது, அவர்களின் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவில் அளந்து கொடுக்கவேண்டும். எப்போது எவ்வளவு திறப்பது என்று இரு மாநில அதிகாரிகளும் கூட்டு வாரியத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டை ஓயவில்லை. 1958 முதல் கணக்கிட்டு 30 ஆண்டுக்கொருமுறை செய்யவேண்டிய மறுஆய்வு 1988லிருந்து இழுபடுகிறது. ஆனாலும் அளவுகோல் ஒன்று நடுவில் இருப்பதால் கோவை மாவட்டத்துக்கும் தண்ணீர் வருகிறது, சித்தூருக்கும் போகிறது.

பம்பையில் மாலக்கரையிலும் அச்சன்கோவிலாற்றில் தும்பமண்ணிலும் மத்திய நீர் ஆணையம் நீரளவு எடுக்கிறது. அந்த அளவுகளை மாதவாரியாக ஒரு பக்கம் எழுது. எதிரே நம் விதைப்பு மாதங்களையும் குட்டநாட்டின் உப்பு மாதங்களையும் எழுது. எழுதி முடித்ததும் அனுப்பு, மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்