அற்பாயுள் என்னும் அபவாதம்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போரிடையே கில்லி மீன் என்ற பேச்சை எடுத்த மாத்திரத்தில், "அதுவா, வருஷம் திரும்புவதற்குள் செத்துப்போகும் மீனாயிற்றே, முட்டையைக் காயவைத்தல்லவா பொரிக்க வேண்டும்!" என்று அலுத்துக்கொள்ளும் அன்பர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு பெருங்குடும்பத்தில் ஒரு கிளையின் ஸ்வபாவத்தை எடுத்து, மற்றெல்லாக் கிளைகளின் தலையிலும் ஏற்றிவைத்ததனால் விளைந்த அபவாதம் அது.

அந்த ஒரு கிளையில் முக்கியமானவை, கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மழைக்குத் தேங்கி வெயிலுக்கு வற்றும் குட்டைகளில் வாழ்கிற நோத்தோபிராங்கியஸ் மீன்கள். ஆனால் நைஜீரியா, கேமரூன் நாடுகளின் கார்ட்னெரி மீனும், காபோன் நாட்டின் ஆஸ்திரேல் மீனும் வருஷம் முழுதும் நீர் உள்ள இடங்களில் செடிகொடிகளின் இடையே முட்டையிடுபவை. செம்மையாகப் பேணினால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் தலையில் ஒரு வெள்ளிப் பொட்டோடு நீரின் மேல்மட்டத்திலேயே திரிகிறதே, அந்த அப்லோகைலஸ் மீனும் கில்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவற்றின் முட்டையைக் காயவைப்பது சிசுஹத்திக்குச் சமானம். பின்னல் வேலைக்குரிய செயற்கைக் கம்பளி நூலைக் கற்றையாகக் கட்டி ஒரு தக்கையில் தொங்கவிட்டால், அதில் வந்து முட்டையிடும். விரலால் எடுத்தாலும் உடையாத கெட்டியான அம்முட்டைகளை ஆழமில்லாத நீரில் போட்டு, வெளுத்துப் பூஞ்சை பிடிப்பவற்றை அவ்வப்போது அகற்றி வந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சு வெளிப்படும்.

இனி, உண்மையிலேயே அற்பாயுளான நோத்தோபிராங்கியஸ் ஜாதியைப் பற்றியும் ஒரு தவறான அபிப்பிராயம் உலவுகிறது. குட்டை வற்றுவதால்தானே அது சாகிறது, வற்றாத தொட்டியில் விட்டால் நெடுநாள் வாழாதோ என்பது அந்த யுக்தி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் மொஸாம்பிக் குட்டைகளில் பொரித்த 14 நாட்களிலேயே பருவமடையக்கூடிய ஃபர்ஸெரி என்னும் இனம், நிறைந்த தொட்டியில் வேளாவேளைக்கு உணவு பெற்றாலும், சில மாதங்களிலேயே நிறம் மங்கி, முதுகு வளைந்து, நீந்தச் சோர்ந்து கிழப்பருவம் எய்திவிடுகிறது. மூப்பை ஆராயும் விஞ்ஞானிகள் இம்மீனைத் தேடிப் பிடித்ததும், 2015ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வெளியிட்டதும் இக்காரணம் பற்றியே. வளர்ப்பவர் கையில் உள்ளவற்றுள் ஒன்று, ஜலத்தின் உஷ்ணம். 25 டிகிரியைக் காட்டிலும் 22 டிகிரியில் இது அதிக நாள் வாழ்வதாகப் பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். கோடையில் 30 டிகிரியைத் தாண்டும் சென்னை வீட்டுத் தொட்டிக்கு ஒரு சிறு மின்விசிறியை வைப்பது ஆடம்பரமாகாது.

முட்டை விஷயத்தில்தான் அதிக சேதம் நேருகிறது. குட்டை வறண்டு வெடித்துக் கிடப்பதைப் படத்தில் பார்த்தவர்கள், முட்டையும் அவ்வாறே சருகாக உலரவேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். மேலே வெடித்த சேற்றின் அடியில் ஈரம் தங்கியிருப்பது படத்தில் தெரிவதில்லை அல்லவா! கொதிக்கவைத்துச் சாயம் போக்கிய பீட் தூளையோ, அது கிடைக்காதவிடத்து நம்மிடம் மலிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூளையோ ஒரு கிண்ணத்தில் இட்டு வைத்தால், ஆண்மீன் பெண்மீனை அணைத்து அழுத்தி, ஒவ்வொரு முட்டையாக அதில் புதைக்கிறது. வாரம் ஒருமுறை அதை வலையில் வடித்துப் பிழிந்து, செய்தித்தாளில் பரப்பி, வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் புகையிலையின் ஈரப்பதம் வந்ததும் பையில் இட்டு மூடி, தேதி எழுதி வைத்துவிட வேண்டும். இந்த ஜாதியில் ஸான்ஸிபார் தீவின் குந்தெரி மீனின் முட்டை பக்குவமாகச் சுமார் மூன்று மாதம் பிடிக்கும். முட்டைக்குள் பொன்வளையமிட்ட கண் தெளிவாகத் தெரிவதே நீர் ஊற்றுவதற்குரிய காலக் குறிப்பு.

நீர் ஊற்றியதும் சில மணி நேரத்தில் சில குஞ்சுகள் நீந்தும், மற்றவை அசையா. இங்கேதான் அவசரக்காரர்கள், மிஞ்சியவை சொத்தை என்று முடிவு கட்டித் தூளைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். அவை சொத்தையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கரு தன் வளர்ச்சியில் மூன்று கட்டங்களில் எதிலும் நின்று உறங்கக்கூடியது. ஒரே நாளில் இட்ட முட்டைகளுள்ளும் சில விழித்திருக்கும், சில உறங்கும். எல்லாம் ஒருங்கே பொரித்துவிட்டால், பெய்து ஏமாற்றிய ஒரு கோடைமழையோடு சந்ததியே அற்றுப்போகுமாதலால், இயற்கை செய்துகொண்ட எச்சரிக்கை இது. ஆகவே அதே தூளை மறுபடி வடித்துச் சில வாரங்கள் வைத்திருந்து இரண்டாம் முறை, வேண்டுமானால் மூன்றாம் முறையும் நனைத்துப் பார்ப்பதே கிரமம்.

மென்மையான ஜலம் இல்லாமல் எந்தக் கில்லியும் பிழைக்காது என்பாரும் உண்டு. ஆஸ்திரேல் மீனுக்கு அது ஓரளவு பொருந்தும். கார்ட்னெரி நம் கிணற்று நீரின் உப்பைப் பொருட்படுத்துவதில்லை. இத்தனை சிறிய மீனுக்கு மூடி எதற்கு என்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை. குழாய் நுழையும் சந்து வழியாகத் துள்ளி வெளியே போய்த் தரையில் காய்ந்து கிடக்கும் மீனே சொல்லிவிடும்.

கடைசியாக, பெண்மீன்கள் எல்லாம் ஒரே சாயலாக இருப்பதால் எதை எதனோடு சேர்த்தால் என்ன என்ற அலட்சியத்தைக் கண்டிக்க வேண்டும். கார்ட்னெரியிலேயே ஊருக்கு ஊர் நிறபேதம் உண்டு. கலந்துவிட்டால் பின்பு பிரித்தெடுக்க வழியில்லை. எனவே முட்டைப் பையின்மேல் தேதியோடு அம்மீன் எந்த ஊர் நீரிலிருந்து வந்த பரம்பரை என்பதையும் எழுதி வைப்பது வளர்ப்பவரின் கடமை.