மேடை ஏறாத கலைக்கு அரசு உதவுமா?

கேள்வி: எங்கள் மலையில் இசைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அரசு உதவி ஏன் அவர்களை எட்டுவதில்லை?
(வாசகி, குந்தா)

பதில்: திட்டங்கள் இருக்கின்றன. 1955-இல் தொடங்கிய இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியமும் இருக்கிறது. கல்வி, திருமணம், ஈமச்சடங்கு வரை உதவுகிறது. வாத்தியம், உடை வாங்கவும் பணம் உண்டு.

ஆனால் உங்கள் பக்கத்துக் குந்தா கோத்தகிரி ஊரின் கோத்தர் பழங்குடியினரைப் பாருங்கள். கொம்பு, குழல், தப்பட்டையோடு ஒருகாலத்தில் அண்டை ஊர்ப் படகர் வீட்டுச் சாவுகளுக்கு வாசித்தார்கள். படகர்கள் தானியம் தந்தார்கள். மலையில் கலைக்கு இருந்த நிதி அதுதான். கடந்த நூற்றாண்டில் அந்த உறவு அற்றுப்போனது. இன்று அவர்கள் இசை பெரும்பாலும் சொந்தக் கோயிலுக்கும் சாவுக்குமானது. நிகழ்ச்சிச் சான்று கேட்கும் விண்ணப்பத்தில் அதை எப்படி எழுதுவது? சென்னை மேடைக்கு ஒருநாள் அழைப்பது நல்லதுதான். அதைவிட, ஊரிலேயே பெரியவரிடம் பிள்ளைகள் கற்க, கற்பிப்பவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். வாரியத்தில் பதிவு செய்யக் கோவைக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். அதனால் வாரியப் பதிவு முகாமை மஞ்சூரிலேயே நடத்தச் சொல்லி ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள், ஊராகச் சேர்ந்து.