தந்தையும் மைந்தனும் செய்த கித்தார்

மேலைநாட்டு நரம்புக் கருவிகளுள் கித்தாரும் ஒன்று. நம் வீணையில் தந்தியின் அதிர்வைக் குடம் பெருக்கித் தருகின்றது. மின் கித்தாரிலோ அப்பணியைக் காந்தமும் கம்பிச் சுருளும் தொடங்கிவைக்கின்றன. காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிருங்கால், சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழும். அதனை மிகுவித்து ஒலிபெருக்கியின் வழியே கேட்கச் செய்வர்.

1963-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரையன் மே என்னும் 16 வயது மாணவன் இக்கருவியின்மேல் பெருவிருப்புக் கொண்டான். கடையில் விற்ற அமெரிக்கக் கித்தாரை வாங்கப் பொருள் இல்லை. அவன் தந்தையார் ஹெரால்டு மே மின்னணுத் தொழிலில் வல்லவர். இருவரும் தம் கையாலேயே ஒன்று செய்வதெனத் துணிந்தனர். வேலை முடிய ஏறத்தாழ ஈராண்டு ஆயிற்று.

வீணையில் நாம் தண்டி என வழங்கும் பகுதி கித்தாருக்கும் உண்டு. அதற்குப் பழைய கணப்படுப்பின் மேலிருந்த மகோகனிச் சட்டம் உதவிற்று. நூறாண்டு முதிர்ந்த மரமாதலின் ஈரம் முற்றும் உலர்ந்து உறுதி பெற்றிருந்தது. ஆயினும் புழு அரித்த துளைகள் இருந்தன. அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையின் ஓக் மரம் உடற்பகுதிக்கு ஆயிற்று. தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள், விரல் வைக்குமிடத்தைக் காட்டும் புள்ளிகளாயின.

தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் சுருதியை அசைக்கும் நெம்புகோலே அவர்களைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. தந்தி எங்கேனும் உராய்ந்து சிக்கினால் பழைய சுருதிக்கு மீளாது. ஆகவே நெம்புகோல் பொருந்திய தகட்டைப் பழைய கத்தியின் கூர்விளிம்பின்மேல் தராசுக்கோல்போல் அசையவிட்டனர். தந்திகள் உருளைகளின்மேல் செல்லுமாறும் அமைத்தனர். தந்திகளின் இழுப்பை எதிர்த்து நிற்க மோட்டார் சைக்கிளின் சுருள்வில் இரண்டு பயன்பட்டன. நெம்புகோலின் கைப்பிடி நுனியோ தாயாரின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது!

எல்லாம் முதன்முறையே கைகூடவில்லை. பிரையன் தானே காந்தங்களை அமைத்துக் கம்பி சுற்றினான். தந்தியைப் பக்கவாட்டில் வளைத்து வாசிக்கும்போது வேண்டாத இரைச்சல் எழுந்தது. காந்த முனைகள் மாறி மாறி அமைந்ததே காரணம். ஆதலின் பர்ன்ஸ் நிறுவனத்தார் செய்த மூன்று சுருள்களை விலைக்கு வாங்கிப் பொருத்தினான். எதனைத் தானே செய்வது, எதனை வாங்குவது என்று தெளிவதும் கைத்தொழிலின் ஒரு கூறன்றோ?

பிற்காலத்தில் பிரையன் வானியல் ஆராய்ச்சியை இடையில் நிறுத்தி, குவீன் என்னும் இசைக்குழுவிலேயே முழுதும் ஈடுபட்டார். கித்தார் செய்யத் துணைநின்ற தந்தையாருக்கே அது வருத்தம் தந்தது. நியூயார்க் நகரில் மகனின் கச்சேரியை நேரிற் கண்ட பின்னரே அவர் மனம் ஒப்பினார். நிறுத்திய ஆராய்ச்சியை 2007-இல் முடித்துப் பிரையன் முனைவர் பட்டமும் பெற்றார். அதற்கு முன், 2002-ஆம் ஆண்டில், இங்கிலாந்து அரசியின் பொன்விழாவின்போது பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அந்நாட்டுப் பண்ணை வாசித்தார். அன்று அவர் கையிலிருந்தது, கணப்படுப்புச் சட்டத்தில் தண்டி அமைந்த அதே கித்தார்.