கடல் முயலும் நினைவாற்றலும்

நினைவாற்றல் இன்றேல் கல்வி இல்லை. கற்றது மூளையில் எங்ஙனம் பதிகின்றது என ஆராய்ந்தவருள் ஒருவர் எரிக் காண்டல். 1929ஆம் ஆண்டில் வியன்னாவிற் பிறந்த இவர், நாஜிகளின் கொடுமையால் 1939இல் அமெரிக்கா சென்றார்.

மனித மூளையில் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி உள. ஆதலின், காண்டல் எளிய உயிர் ஒன்றைத் தேர்ந்தார். அது நத்தையினத்தைச் சார்ந்த கடல் முயல். அதன் நரம்பணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. அவற்றுட் சில கண்ணுக்கே புலனாகும் அளவிற் பெரியவை.

கடல் முயலை மெல்லத் தொட்டால், அது தன் செவுளைச் சிறிதே உள்ளிழுக்கும். வாலில் மின்னதிர்ச்சி தந்த பின்னர்த் தொட்டாலோ, செவுளை வலிந்து இழுத்துக்கொள்ளும். ஒரே அதிர்ச்சியால் உண்டான நினைவு சில நிமிடங்களே நிற்கும். இடைவிட்டுப் பன்முறை தந்தால் நாட்கணக்கில் நிலைக்கும்.

இதற்குக் காரணம் யாது? அதிர்ச்சியுற்றபோது செரோடோனின் என்னும் வேதிப்பொருள் சுரந்து, நரம்பணுக்களின் இணைப்பை வலுப்படுத்துகின்றது. அது மீண்டும் மீண்டும் சுரப்பின், மரபணுக்கள் தூண்டப்பெற்றுப் புதிய புரதங்கள் உண்டாகின்றன. புதிய இணைப்புகளும் முளைக்கின்றன. நினைவின் அடிப்படையை விளக்கிய காண்டல், 2000ஆம் ஆண்டில் வேறிருவருடன் நோபெல் பரிசு பெற்றார்.

மனித மூளையிலும் செரோடோனின் உண்டு. அல்சைமர் என்னும் மறதிநோயில், அதனைச் சுரக்கும் நரம்பணுக்கள் பல அழிகின்றன. எனினும், பிறவகை நரம்பணுக்களும் உடன் அழிவதால், செரோடோனினை மட்டும் பெருக்கி அந்நோயைத் தீர்த்தல் இயலாது.

விரைந்து ஒருமுறை படித்தது விரைவில் மறையும். இடைவிட்டுப் பன்முறை பயின்றது நிலைக்கும். ஆசிரியர் நாளும் கூறும் இவ்வறிவுரைக்குக் கடல் முயலும் சான்று பகர்கின்றது.