எந்த ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு பார்வை



இந்த ஆண்டு எங்கள் புராஜெக்ட் குழுவில் மூன்று பேர். துறையின் அறிவிப்புகளையும் படங்களையும் இணையதளத்தில் ஏற்றுவதற்கு ஒரு பழைய நிர்வாகப் பக்கம் இருக்கிறது. அதைப் புதிதாக எழுத வேண்டும். அதுதான் வேலை. முதல் நாளே சண்டை. ஒருத்தன் ரியாக்ட் என்றான். இன்னொருத்தன் வியூ என்றான். நான் இரண்டும் சரியாகத் தெரியாமலே ஆங்குலர் என்றேன். லேபில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்க ஏப்ரல்ல போயிடுவீங்க. அப்புறம் இதை யாருப்பா பார்க்கறது?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபிரேம்வொர்க் எதற்கு?

செய்தி, படம் முதலியவற்றைப் புரோகிராம் தெரியாதவர்களும் தளத்தில் ஏற்ற உதவும் சாஃப்ட்வேர்தான் சி.எம்.எஸ். 2001-ல் வந்த துருபல், 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் இரண்டும் இதில் பெயர் பெற்றவை. இரண்டுமே பி.எச்.பி.யில் எழுதப்பட்டவை. பழைய முறையில் ஒரு பட்டனை அழுத்தினால் படிவம் சர்வருக்குப் போகும், சர்வர் முழுப் பக்கத்தையும் மறுபடி தயாரித்து அனுப்பும். சின்ன வேலைக்கு இது போதும். ஆனால் ஒரு நீளமான கட்டுரையில் படத்தை மேலே ஏற்றி, பத்தியைக் கீழே இறக்கி, உடனுக்குடன் பார்க்க வேண்டும் என்றால் இது தாங்காது.

2006-ல் வந்த ஜேக்வெரி கொஞ்சம் உதவியது. ஆனால் திரையில் எந்த இடத்தை எப்படி மாற்றுவது என்று ஒவ்வொன்றாக நாமே சொல்ல வேண்டும். திரை பெரிதாக ஆக, தகவல் ஒன்று சொல்லும், திரை வேறொன்றைக் காட்டும். ரியாக்ட், வியூ போன்றவை இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கின்றன. "தகவல் இப்படி இருந்தால் திரை இப்படி இருக்கணும்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். தகவல் மாறும்போது, மாறிய பகுதியை மட்டும் அவையே திருத்திக்கொள்ளும்.

சரி, எல்லாமே இதைச் செய்கின்றன என்றால் எதை எடுப்பது? என் அப்பா கொத்தனார். அவர் அடிக்கடி சொல்வார்: "புதுசா வீடு கட்டறது சுலபம். ஆளுங்க குடியிருக்கும்போதே மாத்திக் கட்டறதுதான் கஷ்டம்." நிர்வாகப் பக்கத்தை மாற்றி எழுதுவதும் அதேதான். ஆகவே நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. பட்டா யார் பேரில்?

நிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டாவைப் பார்க்காமல் யாரும் அஸ்திவாரம் போட மாட்டார்கள். சாஃப்ட்வேருக்குப் பட்டா, லைசென்ஸ்தான். வேர்ட்பிரஸ் தனது புதிய எடிட்டரான குட்டன்பர்க்கை ரியாக்ட்டில் எழுதிக்கொண்டிருந்தது. அப்போது ரியாக்ட்டின் லைசென்ஸுடன் ஃபேஸ்புக் ஒரு தனி நிபந்தனை வைத்திருந்தது. நீங்கள் ஃபேஸ்புக் மீது பேட்டண்ட் வழக்குப் போட்டால், ரியாக்ட்டுக்கு அவர்கள் தந்த பேட்டண்ட் அனுமதி ரத்தாகிவிடும் என்பதே அது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தனது திட்டங்களில் இந்த லைசென்ஸ் கூடாது என்று சொல்லிவிட்டது. 2017 செப்டம்பர் 14 அன்று வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக், ரியாக்ட்டை விட்டு விலகப்போவதாக அறிவித்தார். அதுவரை எழுதியதை வேறொன்றில் மாற்றி எழுதவும் தயாரானார்கள். 8 நாளில், செப்டம்பர் 22 அன்று, ரியாக்ட்டை எம்.ஐ.டி. லைசென்ஸுக்கு மாற்றுவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அதன் பிறகு வேர்ட்பிரஸ் ரியாக்ட்டிலேயே தொடர்ந்தது. 2018 டிசம்பர் 6-ல் வேர்ட்பிரஸ் 5.0-வுடன் குட்டன்பர்க் வெளியானது.

நாம் 'இன்ஸ்டால்' கொடுக்கும்போது லைசென்ஸை ஒருநாளாவது படித்திருக்கிறோமா? நான் படித்ததில்லை.

2. ஆயுள் எவ்வளவு?

2015-ல் வெளியான துருபல் 8, பேக்போன் என்ற நூலகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இரண்டே ஆண்டில், 2017-ல், துருபலை உருவாக்கிய டிரீஸ் பாய்டார்ட் ரியாக்ட்டைச் சேர்க்கலாம் என்று வியன்னா மாநாட்டில் முன்மொழிந்தார். கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் கதை இன்னும் கஷ்டம். 2016 செப்டம்பரில் வந்த ஆங்குலர் 2 முற்றிலும் வேறு மாதிரி இருந்தது. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. வியூ 2-க்கும் 2023 டிசம்பர் 31-ல் ஆயுள் முடிந்தது. சி.எம்.எஸ். பத்து, இருபது வருஷம் ஓடும். ஃபிரேம்வொர்க் அத்தனை வருஷம் அப்படியே இருக்காது.

இதற்கு வேர்ட்பிரஸ் ஒரு வழி செய்தது. ரியாக்ட்டை நேரடியாக அழைக்காமல், நடுவில் 'எலிமெண்ட்' என்று தனக்கென ஒரு மெல்லிய அடுக்கை வைத்துக்கொண்டது. பிளக்-இன் எழுதுபவர்கள் அந்த அடுக்கோடு பேசினால் போதும். அடியில் இருப்பது மாறினாலும் பாதிப்பு குறையும்.

3. ஏற்கனவே குடியிருப்பவர்கள் யார்?

துருபலுக்கு ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் உண்டு. அவை நிர்வாகப் படிவங்களைப் பி.எச்.பி.யில்தான் உருவாக்குகின்றன. ஒரு மாட்யூல் போட்ட படிவத்தில் இன்னொரு மாட்யூல் புகுந்து ஒரு பெட்டியைச் சேர்க்கவும் முடியும். திரையை பிரவுசரிலேயே வரையத் தொடங்கினால் இந்த வசதிக்கெல்லாம் புதிதாக வழி செய்ய வேண்டும். துருபலின் நிர்வாகப் பக்கம் முழுசாக ரியாக்ட்டுக்கு மாறவில்லை. 2022 டிசம்பரில் வந்த துருபல் 10-ல், சர்வரிலேயே தயாராகும் 'கிளாரோ' என்ற புதிய தோற்றம்தான் நிர்வாகத்துக்கு வந்தது. ஜூம்லா வேறு மாதிரி செய்தது. 2021-ல் வந்த ஜூம்லா 4-ல் படங்களை நிர்வகிக்கும் பகுதியை வியூவில் எழுதினார்கள். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் புதுச் சுவர்!

4. வேலை தெரிந்த ஆள் இருக்கிறார்களா?

இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. பார்வை இல்லாதவர்களும், மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்க வேர்ட்பிரஸில் ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. குட்டன்பர்க் வெளிவருவதற்கு முன்பே, 2018 அக்டோபரில், அந்தக் குழுவின் தலைவர் விலகிவிட்டார். ரியாக்ட் தெரிந்த ஆட்கள் அந்தக் குழுவுக்குப் போதுமான அளவு கிடைக்காதது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியும், அதைத் திருத்தும் மொழி கையில் இல்லை. ஒரு ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது, யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

நாங்கள் என்ன செய்தோம்?

இத்தனையும் படித்த பிறகு, அந்தப் பக்கத்தைத் தினமும் பயன்படுத்தும் ஆபீஸ் அக்காவிடம் போய் உட்கார்ந்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது. அவர் மவுஸைத் தொடுவதே இல்லை, எல்லாம் டேப் கீதான். அந்தக் காலத்து டைப்பிங் பழக்கம்! நாங்கள் பெருமையாகச் செய்து வைத்திருந்த 'இழுத்துப் போடும்' மாதிரித் திரையில் அவரால் ஒரு அறிவிப்பைக்கூட ஏற்ற முடியவில்லை. "எனக்குத்தான் தெரியலை போல தம்பி" என்றார். அக்கா, தப்பு உங்கள் மேல் இல்லை.

அறிவிப்புப் படிவங்களைப் பி.எச்.பி.யிலேயே விட்டுவிட்டோம். படங்களை வரிசைப்படுத்தும் ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் வியூ 3 போட்டோம். அதை ஒரு ஸ்கிரிப்ட் வரியிலேயே சேர்த்துக்கொள்ளலாம், தனியாக 'பில்டு' வேலை வேண்டாம். லைசென்ஸ் எம்.ஐ.டி. படித்துப் பார்த்துவிட்டோம்! இழுத்துப் போடுவதோடு, மேலே கீழே நகர்த்த இரண்டு பட்டனும் வைத்தோம். டேப் கீ அங்கேயும் வேலை செய்கிறது. எப்படி ஓட்டுவது, எதை எங்கே மாற்றுவது என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம்.

வைவாவில், "ஏன் பெரிய ஃபிரேம்வொர்க் பயன்படுத்தவில்லை?" என்று கேட்டால் மார்க் குறையுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. கேட்டால் இந்த நான்கு காரணத்தையும் சொல்வேன்.

இரண்டாம் ஆண்டு தம்பி தங்கைகளே, ஜூன் மாதம் அந்த ஃபோல்டரைத் திறக்கப்போவது நீங்கள்தான். சார் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் நீங்கள்தான். பிடிக்காததை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அக்கா பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்.