இரும்பு மாதுளையின் வயது

எமது கல்லூரி விழாக் கண்காட்சிக்குப் பழைய மாணவர் பலரும் பழம்பொருள்களை அனுப்பிக்கொண்டிருந்த நாள்களில், பேராதனைப் பக்கத்து அன்பர் ஒருவரின் மகன் துணிப்பையொன்றைக் கொணர்ந்து எம் மேசைமீது வைத்தான். உள்ளே, அன்னாசிப் பழம்போற் கட்டங்கட்டமாக வரியோடிய கரிய இரும்புக் காயொன்று கிடந்தது. "தாத்தா கடதாசி பறக்காமல் வைக்கிற பாரம், சேர்" என்றான். பஸ்ஸில் மடிமீது வைத்தே வந்தானாம்! அது கைக்குண்டு.

அதனை ஒட்டி யாம் பின்னர்க் கற்றவற்றைப் பழம்பொருள் திரட்டும் ஆர்வமுடைய மாணவர் பொருட்டு ஈண்டு எழுதுகின்றோம்.

இத்தகைய பொருள் கண்டியிற் கிடைத்தல் வியப்பன்று. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறிற்று. மவுண்ட்பேட்டன் பிரபுவின் அலுவலகங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவினுள் அமைந்தன. பிரித்தானியரும் அமெரிக்கரும் இந்நகரில் ஒருங்கே பணிபுரிந்தனர்.

'கிரனேட்' என்னும் ஆங்கிலச் சொல், மாதுளையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது. பழத்துள் விதைபோல் மருந்து செறிந்திருத்தலே பெயர்க் காரணம் என்பர். சொல்லாராய்ச்சி எம் தொழிலாதலின் இதனை விடுத்துச் செல்ல மனம் வரவில்லை.

பிரித்தானியப் படையினர் பெரிதும் கையாண்டது 1915இல் வில்லியம் மில்ஸ் என்பார் பெயரால் வழங்கத் தொடங்கிய குண்டாகும். முதலில் 5ஆம் இலக்கம், பின்னர் 23, 1918இல் 36. வார்ப்பிரும்பு உடலின் வரிகள் சிதறுதற்காக அமைந்தவை எனப் பலர் கருதுவர். உண்மையில் அவை கைப்பிடிக்காகவே அமைந்தவை. வடிவத்தை மட்டும் நோக்கிக் காலம் கணித்தல் ஆகாது. பிரித்தானியர் 1972 வரையும் இதனை வழங்கினர். இந்தியப் படையில் 2021இலேதான் இதற்கு மாற்றுக் குண்டு வரத் தொடங்கியது.

காலத்தை உரைப்பது அடிப்புறத்துத் திருகுமூடியே. இலக்கம், செய்தோர் குறி, பலவேளைகளில் ஆண்டு ஆகியன அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். '36எம்' என்பதிலுள்ள எழுத்து, மெசப்பொத்தேமியாவின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் ஏற்ப அரக்குப் பூசிக் காக்கப்பட்டதைக் குறிப்பது. எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை. ஏட்டுச்சுவடியின் இறுதியிலுள்ள ஆண்டு, படியெடுத்த ஆண்டேயன்றி நூல் இயற்றப்பெற்ற ஆண்டு ஆகாது. அதுபோல மூடியின் ஆண்டு மூடிக்கே உரியது. உடல், நெம்புகோல், ஊசி ஆகியன வேறு குண்டுகளிலிருந்து சேர்ந்தனவாகலாம். சந்தையில் இத்தகைய ஒட்டுப்பொருள்கள் மலிவு.

பயிற்சிக் குண்டென்று அறிவது எவ்வாறு? பிரித்தானியப் பயிற்சி உடல்களிற் பெரும்பாலும் துளைகள் இடப்பட்டிருக்கும். அமெரிக்கரின் பயிற்சிக் குண்டில் அடியில் துளையிருக்கும். நீல வண்ணம் தீட்டுவதும் வழக்கம். ஆனால் வண்ணத்தை எவரும் மாற்றிவிடலாம். துளை துருவினாலும் மண்ணினாலும் அடைபடும். மேலும், ஓசையும் புகையும் எழுதற்பொருட்டுச் சிறிது மருந்து இடப்பட்ட பயிற்சிக் குண்டுகளும் உள. ஆகவே 'பயிற்சி' என்பது 'தீங்கற்றது' என்பதற்கு மறுபெயரன்று. மூடியைத் திருகிப் பார்த்து ஆண்டறிய முயல்வார் சிலர் உளர். அம்முயற்சியில் விரல் இழந்தவர் பிறநாடுகளிற் பலர். காலக் கணிப்பு, வெடிபொருள் அறிந்தார் பார்த்துக் கொடுத்த பின்னரே தொடங்கத் தக்கது.

எம் மேசைமீதிருந்ததை யாம் தொடவில்லை. மாணவரை விளையாட்டுத் திடலுக்கு அனுப்பிவிட்டுப் பொலிஸாருக்கு அறிவித்தோம். மாலையிற் குண்டகற்றும் படையினர் வந்து எடுத்துச் சென்றனர். மறுவாரம் செய்தி வந்தது: உடலில் மூன்று துளைகள், தாத்தா அழகுக்காகப் பூசிய கறுப்பு எனாமல் அவற்றை மூடியிருந்தது, உள்ளே வெறுமை. பொருளை அவர்கள் திருப்பித் தரவில்லை. நிழற்படம் இரண்டு தந்தனர்.

கண்காட்சியில் அப்படங்களே வைக்கப்பட்டன. கீழே யாம் எழுதிய குறிப்பு வருமாறு: "மில்ஸ் வகை, 36எம், பயிற்சிக்கு உரியது. மூடி 1943. உடலின் ஆண்டு தெரியவில்லை. பேராதனை." பையன் அதனைப் படித்துவிட்டு, "தாத்தாவின் பெயரையும் போட்டிருக்கலாமே, சேர்" என்று வருந்தினான். சேர்த்துக்கொண்டோம்.