பின்னால் நின்று பார்

அன்பு மகள் யாழினிக்கு,

தாத்தாவின் பழைய கார் இனி உன் பொறுப்பு என்று உன் அண்ணன் போனில் சொன்னபோதே, சீக்கிரம் உன்னிடமிருந்து ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். டயரைப் பற்றிக் கேட்பாய், ஆயிலைப் பற்றிக் கேட்பாய் என்றுதான் நினைத்தேன். நீ பிரேக் லைட்டைப் பிடித்துக்கொண்டாய். மங்கலாக எரிகிறது, பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போடலாமா என்கிறாய். ஒரே வரியில் பதில் எழுதினால் நீ நேரே கடைக்குப் போய்க் கண்டதை வாங்கிவிடுவாய். நான் அப்படித்தான் வாங்கினேன்.

கடைக்காரர் வெள்ளை எல்இடி ஒன்றை பேட்டரியில் தொட்டுக் காட்டினார். கண் கூசியது. அன்றைக்கே இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு இரவில் சென்னைக்குக் கிளம்பினேன். திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, பின்னாலேயே வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். "அண்ணே, நீங்க பிரேக் அடிக்கிறதே தெரியல. ரெண்டு தடவை கிட்ட வந்துட்டேன்" என்றார். கடையில் அப்படிக் கண்ணைக் கூசவைத்த வெளிச்சம், பல்பு விளக்குக் கூட்டுக்குள் போனதும் எங்கே போயிற்று?

பதில் நிறத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எல்இடியில் முதலில் கைக்கு வந்தது சிவப்பு. நிக் ஹோலோன்யாக் என்ற விஞ்ஞானி 1962-ல் அதை எரியவைத்துக் காட்டினார். நல்ல நீலம் கிடைக்க அதற்குப் பிறகு முப்பது வருடம் ஆயிற்று. அதற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நாம் வெள்ளை என்று வாங்குவது பெரும்பாலும் அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். அதில் நீலமும் மஞ்சளும் நிறைய, சிவப்பு கொஞ்சம். வண்டியின் சிவப்புக் கண்ணாடியோ சிவப்பை மட்டும்தான் வெளியே விடும், மிச்சத்தை விழுங்கிவிடும். பழைய இழை பல்பு அப்படியில்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பி அது, அதன் ஒளியில் சிவப்புக்குக் குறைவே கிடையாது. அதனால் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடிதான். ஒரே ஒரு விலக்கு: சில வண்டிகளில் நம்பர் பிளேட்டுக்கும் அதே பல்புதான் வெளிச்சம் தரும். அங்கே சிவப்பு போட்டால் நம்பர் பிளேட்டும் சிவந்துவிடும். அப்படிப்பட்ட கூடு என்றால் பழைய பல்பையே விட்டுவிடு.

நிறம் சரியானால் போதும் என்று நினைத்துவிடாதே. உன் வண்டியின் பல்பைக் கழற்றிப் பார். 12 வோல்ட், 21/5 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது டபுள் ஃபிலமென்ட். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அடியில் துருத்தி நிற்கும் இரண்டு ஆணிகள் ஒரே உயரத்தில் இருக்காது, பார்த்தாயா? திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. சிறிய இழையிலிருந்து வருவது ஏறத்தாழ 35 லூமென் ஒளி, பெரியதிலிருந்து 440. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இரவில் உன் பின்னால் வருகிறவர் ஏற்கெனவே எரிகிற ஒரு சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். அது திடீரென்று பல மடங்கு பொங்கினால்தான் காலை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். மலிவான எல்இடிகளில் டெயிலும் பளிச், பிரேக்கும் பளிச். என் பல்பில் நிறத்தோடு இந்தக் கோளாறும் இருந்தது. லாரிக்காரருக்குத் தெரியாமல் போனது விளக்கு அல்ல, அது மாறியது.

இன்னொன்று, ரிஃப்ளெக்டர். இழை ஆணியிலிருந்து 31.8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஒளி போகும் என்று கணக்குப் போட்டு அந்தக் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். நுனியில் மட்டும் சில்லுகள் ஒட்டிய எல்இடியை அதில் செருகினால் நடுவில் ஒரு பொட்டு எரியும், கிண்ணம் இருட்டாகக் கிடக்கும். சுற்றுப்புறம் முழுவதும் சில்லுகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ரெசிஸ்டர் சேர்த்து விற்பார்கள், வேண்டாம் என்று சொல். பல்பு போனால் டேஷ்போர்டில் எச்சரிக்கும் புது வண்டிகளை ஏமாற்றத்தான் அது. நம் வண்டிக்கு அந்த அறிவெல்லாம் கிடையாது. ரெசிஸ்டர் சூடேறி பிளாஸ்டிக்கை உருக்கியதுதான் மிச்சமாகும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு நிறையைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இழை சூடேறி முழுதாக ஒளிர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த நேரத்துக்குள் நாலரை மீட்டர் அளவுக்கு வந்துவிடும், ஒரு சின்னக் காரின் நீளத்துக்கும் மேலே. சரியான எல்இடி என்றால் அந்த இடைவெளி உனக்கு இலவசம். அதிர்வில் அறுந்துபோக இழையும் கிடையாது. ஆனாலும் உன் வண்டியின் விளக்குக் கூடு இழை பல்போடு சேர்த்துத்தான் சோதிக்கப்பட்டு ஒப்புதல் வாங்கியது. நீ மாட்டுகிற எல்இடிக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை.

அதனால், மகளே, கடைக்குப் போவதற்கு முன் டிக்கியைத் திற. மங்கலாக எரிகிறது என்றாயே, எனக்கு பல்பின் மேல் சந்தேகம் இல்லை, எர்த்தின் மேல்தான். பிரேக்கை மிதிக்கும்போது இன்டிகேட்டரோ வேறு விளக்கோ லேசாக மினுக்கினால் அது எர்த் கோளாறேதான். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அடுத்த விளக்கின் வழியாகச் சுற்றிப் போகிறது. எர்த் ஒயர் பாடியைத் தொடுகிற ஸ்க்ரூவைக் கழற்றித் துருவை உப்புத்தாளால் தேய். ஹோல்டருக்குள் பச்சை படிந்திருந்தால் அதையும் சுரண்டிவிடு. ரிஃப்ளெக்டரை மெல்லிய துணியால் துடைத்தால் போதும், தேய்த்தால் பூச்சு வந்துவிடும். இரண்டு பக்கமும் புது இழை பல்பு போடு.

பிறகு இருட்டியதும் டெயில் லைட்டைப் போட்டுவிட்டு அண்ணனை பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கச் சொல். நீ தெருவில் ஐம்பது தப்படி தள்ளிப் போய்ப் பின்னால் நில். நேராக நின்று பார், ஓரமாக நகர்ந்தும் பார். மறுநாள் உச்சி வெயிலில் இன்னொரு முறை. அதற்கப்புறமும் எல்இடி ஆசை போகவில்லை என்றால் ஒரு பக்கம் மட்டும் மாட்டி, மறு பக்கத்தில் இழை பல்பை விட்டுவைத்து, அதே இடத்தில் நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார். எல்இடி ஒரு இம்மி தோற்றாலும் கழற்றிவிடு.

ஸ்டெப்னிக்கு அடியில் தாத்தா ஒரு பழைய வேட்டித் துணியில் இரண்டு பல்பு சுற்றி வைத்திருப்பார். இன்னும் அங்கேதான் இருக்கும், தேடிப் பார்.

அன்புடன்,
சித்தப்பா